இளம் பைக் பந்தய வீரரை அணிக்கு ஒப்பந்தம் செய்வது எப்படி

2018 நவம்பரில் வாலென்சியாவில் மழைக்கு நடுவே நடந்த மோட்டோ3 பந்தயத்தை (உலக கிராண்ட் பிரீ பைக் பந்தயத்தின் கீழ் வகுப்பு அது; அதற்கு மேல் மோட்டோ2, உச்சியில் மோட்டோஜிபி), அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் அனுமதி பெற்று வந்திருந்த ஜான் ஒன்ஜு என்ற துருக்கியச் சிறுவர் வென்றார். அப்போது அவருக்கு வயது 15 ஆண்டு 115 நாள். அவ்வளவு இளம் வயதில் கிராண்ட் பிரீ பந்தயம் எதையும் எவரும் வென்றதில்லை. அடுத்த ஆண்டு அவர் முழுப் பருவமும் ஓட்டி ஒற்றை இலக்கப் புள்ளிகளே எடுத்தார், 2020-இல், கடையில் விற்கும் பைக்குகளைத் திருத்தி ஓட்டும் சூப்பர்ஸ்போர்ட் உலகப் போட்டிக்கு மாறிப் போனார். இதற்கு நேர் எதிரான கதை ஃபாபியோ குவார்டராரோவினுடையது. ஸ்பெயினின் மோட்டோ3 தொடரை 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்று, அவருக்காகவே வயது விதி தளர்த்தப்பட்டது என்று சொல்லும் அளவுக்குப் பெரிய எதிர்பார்ப்புடன் வந்தவர், 2015 முதல் 2018 வரை நான்கு பருவங்களில் ஒரே ஒரு பந்தய வெற்றியைத்தான் கணக்கில் வைத்திருந்தார். ஆயினும் ஒரு புதிய மோட்டோஜிபி அணி 2019-க்கு அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பருவத்தின் நான்காவது பந்தயத்திலேயே அவர் முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். 2021-இல் உலகச் சாம்பியன் ஆனார்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பந்தயத் தடத்தில் பாதி உண்மைதான். முளையில் தெரிவது வேகம். அந்த வேகம் எந்த வேகத்தில் வளர்கிறது என்பது முளையைப் பார்த்தால் தெரியாது, ஆனால் ஓர் அணி உண்மையில் ஒப்பந்தம் செய்வது அதைத்தான். இளம் வீரர் ஒருவரைச் சேர்க்கத் திட்டமிடும் அணி மேலாளர், இன்றைய சுற்று நேரத்துக்கு விலை பேசாமல், கற்கும் திறனை அளந்து, அதற்குப் போதுமான காலத்தை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுப்பது எவ்வாறு என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

முதலில் வயதும் இடமும்

வீரரைத் தேடுவதற்கு முன் விதிப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இளம் வீரர்கள் பந்தயத் தடங்களில் உயிரிழந்தனர்: முஜெல்லோவில் 19 வயது ஜேசன் டுபாஸ்கியே, அரகோனில் 14 வயது ஹூகோ மில்லான், ஹெரேஸில் 15 வயது டீன் பெர்த்தா வின்யாலெஸ். அதன் பிறகு வயது வரம்புகள் உயர்த்தப்பட்டன. கிராண்ட் பிரீ வகுப்புகளில் குறைந்தபட்ச வயது 2023 முதல் 18 ஆனது. குறிப்பிட்ட இளையோர் தொடர்களில் முன்னிலை பெற்றவர்களுக்கு மட்டும் சிறிய விலக்கு உண்டு. எனவே 15 வயதுத் திறமைசாலி ஒருவரை இன்று ஒப்பந்தம் செய்யும் அணி, அவர் இடையில் எந்தத் தொடரில், யாருடைய வண்டியில், யாருடைய செலவில் ஓட்டுவார் என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதில் இல்லாமல் கையெழுத்து வாங்குவது, வீரரைச் சேர்ப்பதன்று, பிற அணிகளிடமிருந்து அவரை ஒளித்து வைப்பதாகும்.

விதிகளைப் புரட்டும்போது எடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டோ3-இல் வண்டியும் முழுப் பந்தய உடையோடு வீரரும் சேர்ந்து குறைந்தது 152 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. இலகுவான வீரரின் வண்டியில் எடைக்கட்டி சேர்க்கப்படும். கனமான வீரருக்கு அந்த வசதி இல்லை, கூடுதல் எடையைச் சுமந்துதான் ஓட வேண்டும். 16 வயதில் வண்டிக்குள் அடங்கி அமரும் ஒருவர் 18 வயதில் காற்றுத் தடுப்பு மறைப்புக்கு வெளியே தோளும் முழங்காலும் தெரிய அமர்ந்திருக்கக் கூடும். பெற்றோரின் உயரத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்வதில் தவறில்லை. அதற்காக, வளரும் பிள்ளையைப் பட்டினி போடும் நிலைக்கு எந்த அணியும் இறங்கக் கூடாது. உயரமாக வளர்பவர் என்று தெரிந்தால் அடுத்த வகுப்புக்குச் சீக்கிரம் கொண்டு செல்லும் திட்டம் போடுவதே சரியான வழி.

முடிவுப் பட்டியலை எப்படிப் படிப்பது

எத்தனையாவது இடத்தில் முடித்தார் என்பது கடைசியாகப் பார்க்க வேண்டியது. எல்லோருக்கும் ஒரே வகை வண்டி கொடுக்கப்படும் தொடர்கள், எடுத்துக்காட்டாக 2007-இல் தொடங்கிய ரெட் புல் ரூக்கீஸ் கோப்பையும் 2014-இல் தொடங்கிய ஆசியா டேலன்ட் கோப்பையும், ஒப்பீட்டுக்கு நல்லவை. அங்கே பணமுள்ள குடும்பத்தின் எஞ்சினுக்கும் பணமில்லாத குடும்பத்தின் எஞ்சினுக்கும் இடைவெளி இருப்பதில்லை. மற்றத் தொடர்களில், அதே அணியில் அதே வண்டியை ஓட்டும் சக வீரரோடு ஒப்பிடுவதே நம்பத்தக்க அளவுகோல்.

அடுத்தது சுற்று நேரத் தாள். புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் எடுத்த சிறந்த நேரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். சிறிய எஞ்சின் வகுப்புகளில், முன்னால் செல்பவரின் பின்னால் காற்றின் இழுப்பில் ஒட்டிக்கொண்டு ஓட்டினால் நேர்ப்பாதைகளில் கணிசமான நேரம் மிச்சமாகும். அந்த இழுப்புக்காகவே பலர் தடத்தின் ஓரத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டு காத்திருந்து தண்டனையும் வாங்குகிறார்கள். ஆகவே அதே சுற்றின் உச்ச வேகத்தைப் பாருங்கள்: மற்றச் சுற்றுகளைவிட அது திடீரென்று உயர்ந்திருந்தால் அந்த நேரத்தில் ஒரு பங்கு முன்னால் சென்றவருக்குச் சொந்தம். தடத்தின் பகுதி நேரங்களைப் பிரித்துப் பார்த்து, வளைவுகள் நிறைந்த பகுதியில் தனியாக ஓடும்போதும் அதே நேரத்தை எடுக்கிறாரா என்று சரிபாருங்கள்.

பிறகு பந்தயத்தின் முழுச் சுற்று வரிசை. டயர் தேய்ந்த கடைசி மூன்றில் ஒரு பங்கில் அவருடைய நேரம் எவ்வளவு சரிகிறது, சரிவு படிப்படியாக வருகிறதா அல்லது ஒரு சுற்று நன்றாகவும் ஒரு சுற்று மோசமாகவும் தத்தளிக்கிறதா என்பதில் நிறையச் செய்தி இருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது, அதுவரை ஓட்டியிராத தடத்தில் அவருடைய வெள்ளிக்கிழமைக் காலைப் பயிற்சி நேரத்துக்கும் சனிக்கிழமைத் தகுதி நேரத்துக்கும் உள்ள தொலைவு. பழக்கமான தடத்தில் முதலிடம் பிடித்தவரைவிட, புதிய தடத்தில் இருபதாவது இடத்தில் தொடங்கி ஒரே நாளில் எட்டாவது இடத்துக்கு வந்தவரின் பெயரை நான் முதலில் குறித்துக்கொள்வேன்.

விழுந்த கணக்கையும் எடுக்க வேண்டும், ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பிரேக்கைப் பிடித்தபடி வளைவுக்குள் நுழையும்போது முன் டயர் வழுக்கி விழுவது அடுத்தடுத்து ஒரே மாதிரி நிகழ்ந்திருந்தால், அவர் அந்தத் தவறிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வெவ்வேறு தடங்களில் வெவ்வேறு காரணங்களால் விழுந்து, ஒன்று இரண்டாம் முறை நிகழாமல் இருந்தால், அது எல்லையைத் தேடுபவரின் கணக்கு. பருவம் முழுவதும் ஒருமுறைகூட விழாதவர் எல்லைக்கு அருகில் போகாமலே திரும்பியிருக்கவும் கூடும்.

தடத்தில் ஒரு சோதனை

தாளில் தேறியவரை இரண்டு நாள் சோதனைக்கு அழையுங்கள். ஒரு நாள் போதாது, ஏனெனில் நீங்கள் பார்க்க வேண்டியது முதல் நாள் இரவுக்குப் பிறகு என்ன மாறுகிறது என்பதை.

முதல் நாள் காலையில் இலக்கு எதையும் சொல்லாதீர்கள். பெரும்பாலான இளைஞர்கள் முதல் ஐந்து சுற்றிலேயே தங்களை நிரூபிக்க முயன்று விழுகிறார்கள், அதில் பாதிப் பழி சுவரோரம் நிறுத்தக் கடிகாரத்தோடு நிற்கும் நம்மைச் சேரும். வண்டியைச் சாதாரண அமைப்பில் கொடுங்கள். ஒவ்வொரு முறை அவர் உள்ளே வரும்போதும், கணினியில் பதிவான தரவைத் திறக்கும் முன் அவரைப் பேச விடுங்கள். எந்த வளைவில், நுழையும்போதா நடுவிலா வெளியேறும்போதா, முன் டயரா பின் டயரா என்று பிரித்துச் சொல்கிறாரா எனக் கேளுங்கள். பின்னர் அவர் சொன்னதைத் தரவோடு ஒப்பிடுங்கள். 'வண்டி திரும்ப மறுக்கிறது' என்று சொல்பவரின் பதிவில், பிரேக்கை மிகவும் தாமதமாகப் பிடித்து, வளைவின் நடுவரை விடாமல் அழுத்தியிருப்பது தெரியலாம். அது குறையன்று. பதிவின் அந்த வரைகோட்டைக் காட்டியதும் அவர் முகம் சுருங்குகிறதா, அல்லது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறாரா என்பதுதான் கேள்வி.

தரவில் குறிப்பாகப் பார்க்க வேண்டியவை சில. பிரேக் அழுத்தம் தொடக்கத்தில் வலுவாக எழுந்து, வண்டி சாயச் சாயச் சீராகக் குறைய வேண்டும். த்ராட்டில் (வேகத்தைக் கூட்ட முறுக்கும் கைப்பிடி) திறப்பு ஒரே சீரான ஏற்றமாக இருக்க வேண்டும். திறந்து, மூடி, மறுபடி திறக்கும் பற்கள் நிறைந்த கோடு, அவர் வளைவின் நடுவில் திருத்திக்கொண்டிருக்கிறார் என்பதைக் காட்டும். தெருவில் ஓடும் பைக்கைத் திருத்தி நடத்தும் தொடர்களிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் வண்டியை நன்றாக நிறுத்தி, திருப்பி, பிறகு த்ராட்டிலை முறுக்குவார்கள். பந்தயத்துக்காகவே கட்டப்பட்ட 250 சிசி ஒற்றை உருளை வண்டியில் அந்தப் பழக்கம் எடுபடாது. நடுவளைவின் வேகத்தை விட்டால் அதை மீட்டுத் தர எஞ்சினில் வலு கிடையாது. ஆகவே முதல் நாளில் அவர்களை நடுவளைவு வேகத்தை வைத்து நிராகரிக்காமல், இரண்டாம் நாளில் அது எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள்.

முதல் நாள் மாலையில், அனுபவமுள்ள வீரர் ஒருவர் அதே தடத்தில் எடுத்த தரவை அவர் முன் வைத்து, இரண்டு வளைவுகளை மட்டும் எடுத்துப் பேசுங்கள். எட்டு வளைவுகளைப் பற்றிப் பேசினால் எதுவும் மனத்தில் தங்காது. மறுநாள் காலையில் அந்த இரண்டு வளைவுகளில் இடைவெளி எவ்வளவு சுருங்கியது என்பதே இந்தச் சோதனை முழுவதிலும் எனக்கு மிக மதிப்புள்ள எண். இரண்டாம் நாள் பிற்பகலில், தேய்ந்த டயரோடு பந்தய நீளத்துக்கு ஒரே ஓட்டமாக ஓட விடுங்கள். இடையில் ஒருமுறை, சஸ்பென்ஷனில் தெளிவாக உணரத்தக்க ஒரு மாற்றத்தைச் செய்து, என்ன செய்தோம் என்று சொல்லாமல் அனுப்பலாம். சிலர் எதையும் மாற்றாமல் மாற்றியதாகச் சொல்லிச் சோதிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்மோடு சேர வருபவரிடம் முதல் சந்திப்பிலேயே பொய் சொல்லிவிட்டு, அடுத்த ஆண்டு அவர் நம்மிடம் உண்மை பேச வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

மெக்கானிக்குகளிடம் தனியாகக் கேளுங்கள். விழுந்து வண்டியை உடைத்துவிட்டு வந்தவர் அவர்களிடம் என்ன சொன்னார் என்பது மேலாளரின் காதுக்குத் தானாக வருவதில்லை.

குடும்பமும் உடல்நிலையும்

பதினெட்டு நிரம்பாதவரோடு பேசும்போது நீங்கள் உண்மையில் ஒரு குடும்பத்தோடு பேசுகிறீர்கள். வீட்டை அடமானம் வைத்து மகனை இதுவரை கொண்டுவந்த தந்தை, இனி பிட் பெட்டிக்கு (அணி வண்டியைத் தயார் செய்யும் அறைக்கு) வெளியே நிற்க வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே, மரியாதையோடு, நேராகச் சொல்லிவிட வேண்டும். பந்தய நாளில் வீரருக்கு அறிவுரை சொல்பவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். வீரரின் சார்பில் பேசும் முகவர் இருந்தால், அவருக்கு அந்த அதிகாரம் எழுத்தில் இருக்கிறதா, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மருத்துவப் பரிசோதனையை அணி ஏற்பாடு செய்ய வேண்டும், முடிவை வீரரிடமும் கொடுக்க வேண்டும். எலும்பு முறிவுகள் படத்தில் தெரிந்துவிடும். தலையில் பட்ட அடிகள் தெரியாது. இதுவரை எத்தனை முறை நினைவு தப்பியது, எத்தனை நாள் ஓய்வெடுத்தார் என்று கேளுங்கள். நலமாக இருக்கும்போதே நினைவாற்றல், கவனம், எதிர்வினை வேகம் ஆகியவற்றை அளந்து பதிவு செய்து வைத்தால், பின்னாளில் அடிபட்டபோது ஒப்பிட ஓர் அடிப்படை இருக்கும். முன்கைத் தசை இறுகிப் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் போகும் சிக்கல் உண்டா என்பதையும் விட்டுவிடக் கூடாது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

வீரருக்கு வயது நிரம்பாவிட்டால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். ஆனால் கையெழுத்து மட்டும் போதும் என்று எண்ண வேண்டாம். வயது நிரம்பாதவரின் ஒப்பந்தத்தைப் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். சில இடங்களில் அவருக்கு நன்மை தராத ஒப்பந்தம் செல்லாமலே போகலாம். அவருடைய தரப்புக்குத் தனி வழக்கறிஞர் இருக்க வேண்டும் என்று அணியே வற்புறுத்துவது பெருந்தன்மையாகத் தோன்றினாலும் உண்மையில் அது அணிக்கான பாதுகாப்பு.

காலம்: ஓராண்டு ஒப்பந்தம் இளம் வீரருக்குப் போதாது. முதல் பருவத்தின் பாதி, தடங்களைப் படிப்பதிலேயே கழிந்துவிடும். உறுதியான இரண்டு ஆண்டுகள், அல்லது ஓராண்டும் அடுத்த ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமையும் என்பது நடைமுறை. நீட்டிக்கும் உரிமை அணியிடம் இருந்தால், அதைப் பயன்படுத்துவதா இல்லையா என்று சொல்லக் கடைசித் தேதி ஒன்று வேண்டும், அதுவும் மற்ற அணிகளில் இடங்கள் நிரம்பும் முன்பே வர வேண்டும். பருவம் முடியும்வரை காத்திருந்து 'வேண்டாம்' என்று சொன்னால், அந்த இளைஞர் அடுத்த ஆண்டு எங்கும் ஓட்ட முடியாது.

முடிவுகளைச் சார்ந்த நிபந்தனைகளில்தான் பெரும்பாலான சச்சரவுகள் பிறக்கின்றன. பருவத்தின் தொடக்கத்தில் குறிப்பிட்ட நிலையில் இல்லாவிட்டால் வெளியேறலாம் என்ற வகை விதி, எழுதும்போது தெளிவாகத்தான் தோன்றும். 2024-இன் மோட்டோஜிபி சாம்பியன் ஹோர்ஹே மார்டின் 2025-இல் ஏப்ரிலியா அணிக்கு மாறியபோது அவருடைய ஒப்பந்தத்திலும் அப்படியொரு விதி இருந்தது. பருவம் தொடங்கும் முன்பே காயமடைந்து அவர் பல பந்தயங்களைத் தவறவிட்டார். ஓட்டாத பந்தயங்கள் அந்தக் கணக்கில் சேருமா சேராதா என்ற கேள்வி மாதக்கணக்கில் நீண்டு, ஜூலையில் அவர் அணியிலேயே நீடிப்பதாக அறிவித்த பிறகே அடங்கியது. ஆகவே இத்தகைய விதி இருந்தால், காயம், பந்தயம் ரத்தாவது, தண்டனையால் விலகுவது ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வரி எழுதுங்கள். இளம் வீரரின் ஒப்பந்தத்தில் முதல் ஆண்டுக்கு முடிவு நிபந்தனையே வேண்டாம் என்பது என் கருத்து. குவார்டராரோவின் முதல் நான்கு ஆண்டுகள் எந்த நிபந்தனையையும் தாண்டியிருக்காது.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். கீழ் வகுப்புகளில் பல வீரர்கள் ஊதியம் பெறுவதில்லை. மாறாக ஸ்பான்சர் பணத்தை அவர்களே கொண்டுவருகிறார்கள். அவ்வாறானால், அந்தத் தொகைக்குள் எத்தனை சோதனை நாள்கள், எத்தனை டயர்கள், எஞ்சின் பராமரிப்பு, பயணம், தங்குமிடம் அடங்கும் என்று வரி வரியாக எழுதுங்கள். விழுந்து உடையும் உதிரிப் பாகங்களின் செலவு யாருடையது என்பதற்கு உச்ச வரம்பு வேண்டும். வரம்பில்லாத ஒப்பந்தத்தில் ஓட்டும் பிள்ளை, ஒவ்வொரு வளைவிலும் தந்தையின் கடனை எண்ணிக்கொண்டே பிரேக் பிடிப்பார். தவணைப் பணம் தாமதமானால் எத்தனை நாள் அவகாசம், அதற்குப் பின் என்ன என்பதையும் இங்கேயே முடித்துவிடுங்கள்.

ஹெல்மெட், உடை, வண்டி ஆகியவற்றில் எந்த இடம் யாருடைய விளம்பரத்துக்கு என்பதைப் படம் வரைந்து இணைத்தால் வாதம் மிச்சம். காப்பீடு, சிகிச்சைச் செலவு, விபத்துக்குப் பின் விமானத்தில் ஊர் கொண்டு செல்லும் செலவு ஆகியவை அணியின் பொறுப்பாக இருக்கட்டும். பயிற்சிக்கு மோட்டோகிராஸ் ஓட்டலாமா கூடாதா என்பதையும் எழுதுங்கள். முற்றிலும் தடுத்தால் ஒளிந்து ஓட்டுவார்கள். பள்ளிப் படிப்புக்கு, தேர்வுக் காலத்தில் சோதனை வைப்பதில்லை என்ற ஒரு வரியாவது வேண்டும்.

நடத்தை பற்றிய விதி சுருக்கமாக இருந்தாலும் கட்டாயம் இருக்க வேண்டும். 2018-இல் மிசானோவில் நடந்த மோட்டோ2 பந்தயத்தில், நேர்ப்பாதையில் பக்கத்தில் வந்த போட்டியாளரின் பிரேக் நெம்புகோலை ரொமானோ ஃபெனாட்டி கையால் பிடித்தார். அவருடைய அணி உடனே ஒப்பந்தத்தை முறித்தது; அடுத்த ஆண்டுக்கு வேறோர் அணியோடு செய்திருந்த ஒப்பந்தமும் ரத்தானது.

கடைசியாக, மேலே செல்லும் வழி. பெரிய அணி அழைத்தால் விடுவிப்பதா, என்ன தொகைக்கு, எந்தத் தேதிக்குள் என்று இப்போதே எழுதுங்கள். 2018 மோட்டோ2 பருவம் தொடங்கும் முன்பே பெக்கோ பன்யாயா அடுத்த ஆண்டுக்கு டுகாட்டியின் துணை அணியோடு மோட்டோஜிபி ஒப்பந்தம் செய்துவிட்டார், அந்த ஆண்டின் மோட்டோ2 பட்டத்தையும் வென்றார். எதிர்காலம் உறுதியானால் வீரர் சோம்பிவிடுவார் என்று அஞ்சுபவர்களுக்கு அவர் ஒருவரே போதுமான பதில்.

கையெழுத்துக்குப் பிறகு

அறிவிப்பில் எத்தனையாவது இடம் என்ற இலக்கு எதையும் வெளியிடாதீர்கள். பெட்ரோ அகோஸ்டா 2021-இல் தம் இரண்டாவது மோட்டோ3 பந்தயத்திலேயே, மற்ற எல்லோருக்கும் பின்னால் பிட் பாதையிலிருந்து புறப்பட்டு வென்று, அந்த ஆண்டின் பட்டத்தையும் எடுத்தது மறக்க முடியாத நிகழ்ச்சிதான். அதை அளவுகோலாக வைத்தால் மற்ற எல்லோரும் தோற்றவர்களாகத் தோன்றுவார்கள். உள்ளுக்குள் வைக்கும் இலக்குகள் வேறு வகையாக இருக்கட்டும்: ஐந்தாவது பந்தயத்துக்குள் வெள்ளிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் உள்ள இடைவெளி இவ்வளவு சுருங்க வேண்டும், பத்தாவது பந்தயத்துக்குள் தேய்ந்த டயரில் சரிவு இவ்வளவு குறைய வேண்டும் என்பது போல.

முதல் பருவத்தில் தலைமை மெக்கானிக்கை மாற்றாதீர்கள். அவருக்கும் வீரருக்கும் பொதுவான மொழி ஒன்று வேண்டும். இல்லையென்றால் முதல் சோதனைக்கு மூன்று மாதம் முன்பே மொழி ஆசிரியரை ஏற்பாடு செய்து, நுழைவு, நடுவளைவு, வெளியேற்றம், பிடிமானம், அதிர்வு என்பவற்றுக்கான சொற்களிலிருந்து பாடத்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.